வஞ்சினமும் வாக்குறுதியும்: ஆடை வணிகம் ஒன்றின் கரிம உறுதிமொழிகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

வாக்கு என்னும் சொல்லோடு தமிழில் இயல்பாக வந்து சேரும் வினை 'கொடுத்தல்' என்பதாகும். கொடுத்தல் என்ற அளவிலேயே கொள்வோர் ஒருவர் உண்டு என்பது பெறப்படுகிறது. யாருக்கும் கொடுக்கப்படாத வாக்கு என்பது சொல் அளவிலேயே முரணுடையது. கொடுத்த வாக்கைக் காத்தல், வாக்குத் தவறுதல், வாக்கை மீட்டுக்கொள்ளுதல் ஆகிய வழக்குகள் யாவும், கொடுத்தவர், கொண்டவர், கொடுக்கப்பட்டது என்னும் மூன்றையும் உட்கொண்டே நிற்கின்றன.

அண்மைக் காலத்தில் பெருவணிக நிறுவனங்கள் உலகிற்கு அளித்துவரும் காலநிலை உறுதிமொழிகள் இந்த மூன்றையும் நிறைவு செய்கின்றனவா என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசுவதைத் தவிர்க்கும் பொருட்டுச் சுவீடன் நாட்டின் ஆடை வணிக நிறுவனமான எச் அண்ட் எம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இந்நிறுவனம் பிறவற்றினும் தீயது என்பதால் அன்று இத்தேர்வு. தன் உமிழ்வுகளை ஒப்பீட்டளவில் விரிவாக வெளியிட்டு வருவதும், குறைப்பில் ஓரளவு முன்னேறியிருப்பதும் இதனைத் தக்க சான்றாக்குகின்றன. வெளிப்படையான பொய்யன் ஒருவனை வைத்து வாய்மையின் இலக்கணத்தை ஆராய்தல் எளிது. அதனால் பெறும் பயன் சிறிது. மெய்யாகவே முயலும் ஒருவரிடத்தும் ஏன் ஐயம் எழுகிறது என்று ஆராயும்போதே அறவியல் வினா கூர்மை பெறுகிறது.

நிறுவனமும் அதன் உறுதிமொழிகளும்

1947இல் சுவீடனின் வெஸ்டெரோஸ் நகரில் எர்லிங் பெர்சன் என்பார் மகளிர் ஆடைகளுக்காக 'ஹென்னெஸ்' என்னும் பெயரில் தொடங்கிய கடையே இந்நிறுவனத்தின் தோற்றம். அப்பெயர் சுவீடிய மொழியில் 'அவளுடையது' எனப் பொருள்படும். 1968இல் மௌரிட்ஸ் விட்ஃபோர்ஸ் என்னும் வேட்டைக் கருவி, உடை விற்பனையகத்தை வாங்கியதும் அது ஹென்னெஸ் அண்ட் மௌரிட்ஸ் ஆயிற்று. இன்று உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கடைகளை நடத்தும் இந்நிறுவனத்திற்குச் சொந்தமாக ஓர் ஆடை ஆலைகூட இல்லை என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. வங்கதேசம், சீனா, இந்தியா, துருக்கி முதலான நாடுகளில் உள்ள பிறருடைய ஆலைகளே அதற்கான ஆடைகளைச் செய்து தருகின்றன.

2017இல் இந்நிறுவனம் 2040க்குள் தன் மதிப்புச் சங்கிலி முழுவதையும் 'காலநிலைக்கு நன்மை பயப்பதாக' ஆக்குவதாக அறிவித்தது. வெளியிடும் அளவினும் மிகுதியான பசுங்குடில் வாயுக்களை நீக்குதல் என்பது அதன் பொருள். பின்னர் அவ்விடத்தை 'நிகரச் சுழியம்' என்னும் இலக்கு பெற்றது. 2019ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு 2030க்குள் உமிழ்வுகளை 56 விழுக்காடும், 2040க்குள் குறைந்தது 90 விழுக்காடும் குறைத்தல் என்று அது எண்களால் வரையறுக்கப்பட்டது. 2018 திசம்பரில் போலந்தின் கட்டோவிட்சே நகரில் நடந்த காலநிலை மாநாட்டின்போது உருவான ஆடைத்தொழில் காலநிலைச் சாசனத்திலும் இந்நிறுவனம் கையொப்பமிட்டது.

இவற்றை வெற்றுச் சொற்கள் என ஒதுக்குதல் நேர்மையன்று. ஆலை வளாகத்தில் நிலக்கரிக் கொதிகலன் வைத்திருக்கும் புதிய ஆலைகளைத் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை என்னும் முடிவை 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. 2024ஆம் ஆண்டிற்கான நிறுவனத்தின் அறிக்கை, வழங்கல் சங்கிலி சார்ந்த உமிழ்வுகள் 2019ஐ நோக்க ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துள்ளதாகக் கூறுகிறது.

மறுபுறமும் உண்டு. 2018 மார்ச்சில் விற்காமல் தேங்கிய சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 430 கோடி அமெரிக்க டாலர் என அறிவிக்கப்பட்டது. நிறுவனம் பிறந்த அதே வெஸ்டெரோஸ் நகரின் மின்நிலையம், நிலக்கரிக்கு மாற்றாக எரித்த கழிவுகளுள் இந்நிறுவனத்தின் பயன்படுத்த இயலாத ஆடைகளும் இருந்தன என்னும் செய்தி 2017இல் வெளிவந்தது. ஆடைகளின்மீது ஒட்டப்பட்ட 'கான்ஷியஸ்' முதலான பசுமைக் குறிகள் தெளிவற்றன என்று நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் ஆராய்ந்ததன் விளைவாக, 2022 செப்டம்பரில் அக்குறிகளைத் திருத்தவோ நீக்கவோ நிறுவனம் இசைந்ததோடு, 5 இலட்சம் யூரோவை நற்பணிக்கு வழங்கவும் ஒப்பியது.

வினை யாருடையது?

ஓர் உறுதிமொழியை ஆராயும்முன் அது எவ்வினையைப் பற்றியது என அறிதல் வேண்டும். கரிமக் கணக்கியல் உலகெங்கும் பின்பற்றும் நெறிமுறை 2001இல் உலக வளங்கள் நிறுவனமும் நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிக அவையும் இணைந்து வெளியிட்டதாகும். அது உமிழ்வுகளை மூன்று எல்லைகளாகப் பகுக்கிறது. தன் இடத்திலேயே எரிபொருளை எரிப்பதால் வருவன முதல் எல்லை. விலைக்கு வாங்கும் மின்சாரம், வெப்பம் ஆகியவற்றின் ஆக்கத்தில் எழுவன இரண்டாம் எல்லை. தான் வாங்கும், விற்கும் பொருள்களின் பொருட்டுப் பிறர் இடங்களில் எழுவன யாவும் மூன்றாம் எல்லை.

ஆலை இல்லாத ஆடை வணிகருக்கு முதல் இரண்டும் கடைகளின் விளக்கும் வெப்பமும் மட்டுமே. மிகப் பெரும்பகுதி மூன்றாம் எல்லையைச் சார்ந்தது. பருத்தி வயலில் இடப்படும் தழைச்சத்து உரத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, கல்நெய்யிலிருந்து பெறப்படும் பாலியெஸ்டர் இழை, நூற்பாலையின் மின்சாரம், சாயப்பட்டறையில் நீரைக் கொதிக்கவைக்கும் நீராவிக் கொதிகலன் ஆகிய இவையே ஓர் ஆடையின் கரிம வரலாறு. அது கடைக்கு வந்து சேரும்போது அந்த வரலாற்றின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

எனவே சாயப்பட்டறையின் புகை யாருடைய வினை? கொதிகலனை மூட்டியவர் பட்டறை உரிமையாளர். மூட்டத் தூண்டியது வணிகரின் கொள்முதல் ஆணை. விலையையும் நாளையும் குறித்தவர் வணிகர். அவ்விலைக்குள் தூய எரிபொருளை வாங்க இயலாமற்போனவர் உரிமையாளர். செய்தவன், செய்வித்தவன், உடன்பட்டவன் ஆகிய மூவரையும் வினைப்பயனில் சேர்த்து எண்ணுவது நம் அற மரபிற்குப் புதிதன்று. சமண நூல்கள் இப்பகுப்பைத் தெளிவாகவே பேசுகின்றன. அந்நோக்கில், மூன்றாம் எல்லை எனப்படுவது 'செய்வித்தல்' என்பதன் கணக்கே ஆகும்.

வணிகர்க்கான அறத்தைக் கூறும் தமிழ் நூல்கள் இவ்விடத்தில் துணைபுரிகின்றன. நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதை வணிகர்க்குரிய நெறியாகக் காட்டுகிறது. பட்டினப்பாலை காட்டும் புகார் வணிகரும் தமக்குரியதையும் பிறர்க்குரியதையும் ஒரு நிகராக எண்ணியவர்களாகவும், கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் நடந்தவர்களாகவும் போற்றப்படுகின்றனர். இவ்விரு நூல்களும் பேசுவது பொருளைப் பற்றி. பிறர் பொருளைத் தம் பொருள்போல் கருதுதல் அறமாயின், தம்பொருட்டுப் பிறரிடத்து எழும் கேட்டையும் தம் கேடாகவே கருதுதல் அதன் நேரிய நீட்சியாகும். அவ்வகையில், மூன்றாம் எல்லையைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அறத்தின் முதற்படியில் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். சேர்த்துக்கொள்ளாத நிறுவனங்களும் உள்ளன.

உள்ளமும் வாயும் மெய்யும்

உள்ளத்தொடு பொருந்தியது உண்மை, வாயொடு பொருந்தியது வாய்மை, மெய்யொடு பொருந்தியது மெய்ம்மை என விளக்குவது தமிழ்ப் புலமை மரபில் நன்கறிந்த செய்தி. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே ஒன்றி நிற்கும் என்னும் எதிர்பார்ப்பு இதன் அடியில் உள்ளது. ஒரு மனிதரிடத்து இவை வேறுபட்டால் அவ்வேறுபாட்டைக் கண்டறியவும் கூடும். உள்ளமும் வாயும் மெய்யும் ஓருடம்பில் இருப்பனவாதலின்.

ஆலையில்லா ஆடை வணிகத்தில் இம்மூன்றும் மூன்று நாடுகளில் வாழ்கின்றன. நிறுவனத்தின் உள்ளம், பங்குதாரர்க்கு ஆண்டுதோறும் கூடுதல் விற்பனையைக் காட்டவேண்டிய வணிகத் திட்டத்தில் உள்ளது. வாய், ஸ்டாக்ஹோமில் அச்சாகும் நிலைத்தன்மை அறிக்கையில் உள்ளது. மெய், டாக்காவிலும் திருப்பூரிலும் உள்ள ஆலைகளின் கொதிகலன் அறையில் உள்ளது. வாய் பேசுவதை மெய் கேட்பதில்லை. மெய் படுவதை உள்ளம் உணர்வதில்லை. இங்கு எவரும் பொய் சொல்லவேண்டிய தேவை இல்லாமலேயே வாய்மை குறைபட இடமுண்டு. அறிக்கை எழுதுவோர் முழு நேர்மையுடன் எழுதலாம். கொள்முதல் அலுவலர் தம் கடமையைச் செவ்வனே செய்து ஓர் ஆடையின் விலையைச் சில காசுகள் குறைக்கலாம். ஆலை உரிமையாளர் அக்காசுகளை ஈடுகட்ட மலிவான எரிபொருளை நாடலாம். மூவரும் நல்லவரே, விளைவு தீதே.

வள்ளுவர் வாய்மைக்குக் கூறும் இலக்கணம் இங்கு நினைக்கத்தக்கது. நடந்ததை நடந்தவாறு கூறுதல் என்று அவர் அதனை வரையறுக்கவில்லை. பிறர்க்குச் சிறிதும் தீங்கு பயவாத சொல் எனச் சொல்லின் விளைவை நோக்கியே வரையறுத்தார். இவ்வளவுகோலின்படி, ஓர் உறுதிமொழி கூறப்பட்ட கணத்தில் உள்ளத்தோடு பொருந்தியிருந்தது என்பது மட்டும் போதாது. அச்சொல்லை நம்பியதால் யாருக்கேனும் கேடு விளைந்ததா என வினவவேண்டும். 2040இல் எல்லாம் சரியாகும் என நம்பும் வாங்குநர் இன்று ஓர் ஆடைக்கு இரண்டாக வாங்குவாராயின், தொழில்துறை தானே திருந்திக்கொள்ளும் என நம்பும் அரசு இயற்றவேண்டிய சட்டத்தைத் தள்ளிவைக்குமாயின், அவ்வுறுதிமொழி தீங்கற்ற சொல் ஆகாது.

வஞ்சினத்தின் இலக்கணம்

எதிர்காலத்தைப் பற்றிய சொல்லுக்குத் தமிழ் இலக்கணம் தந்துள்ள மிகக் கடுமையான வடிவம் வஞ்சினம் ஆகும். தொல்காப்பியப் புறத்திணையியல் இதனைக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. 'இன்னதைச் செய்யத் தவறினேனாயின் எனக்கு இன்னது நேர்க' எனக் கூறுதலே அதன் வடிவம் என்பது நூற்பாவின் கருத்து. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் இத்துறையைச் சார்ந்தவை.

72ஆம் பாடல் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் கூற்று. தன்னை இளையன் என எள்ளிய பகைவரை வென்று முரசொடு கைக்கொள்ளேனாயின், தன் நிழலில் வாழும் குடிமக்கள் தன்னைக் கொடியன் எனக் கண்ணீரொடு பழிக்கட்டும் என்கிறான். மாங்குடி மருதன் தலைவனாக உள்ள புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழியட்டும் என்கிறான். இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னை வந்து சேரட்டும் என்கிறான். 71ஆம் பாடலில் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், அன்பு மனைவியைப் பிரிதலையும், அறங்கூறு அவையில் தகுதியற்றவனை அமர்த்தி முறைபிழைத்த பழியையும் தனக்குத் தண்டமாக வேண்டிக்கொள்கிறான்.

இப்பாடல்களை ஒருசேர நோக்கின் வஞ்சினத்தின் கூறுகள் மூன்று எனத் தெரியவரும். முதலாவது, செய்வதாகக் கூறும் வினை கூறுவோன் தன் கையால் செய்வது. அதுவும் அண்மையில் செய்வது. இரண்டாவது, தவறினால் வரும் இழப்பு அவன் உயிரினும் பெரிதாகப் போற்றுவதன்மேல் விழுகிறது. மூன்றாவது, அவ்விழப்பை வழங்குவோர் பிறர்: குடிமக்கள், புலவர், இரவலர். வஞ்சினம் கூறுவோன் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்வதில்லை. தன்னை மதிப்பிடும் உரிமையைப் பிறர் கையில் ஒப்படைக்கிறான்.

போர்க்களத்துச் சினமொழியை இன்றைய அறத்திற்கு முன்மாதிரியாக்குதல் இக்கட்டுரையின் கருத்தன்று. எதிர்காலச் சொல்லொன்று எவ்வளவு கனமுடையது என அளக்கும் துலாக்கோலாக மட்டுமே அது இங்குக் கொள்ளப்படுகிறது. அத்துலாக்கோலில் காலநிலை உறுதிமொழியை இட்டுப் பார்க்கலாம்.

முதற்கூறு: வினை பெரும்பாலும் பிறர் கையால் நிகழ்வது என்பது முன்னரே காட்டப்பட்டது. காலமோ சேய்மையது. 2017இல் உறுதிமொழி கூறப்பட்டபோது தலைமைச் செயல் அலுவலராக இருந்தவர் கார்ல்-யோஹான் பெர்சன். 2020இல் எலெனா எல்மர்சனும், 2024 சனவரியில் டேனியல் எர்வேரும் அப்பொறுப்புக்கு வந்தனர். ஏழாண்டுகளில் மூவர். பெர்சன் குடும்பமே பெரும்பங்கு உடையதாகத் தொடர்வதால் சொல்லின் தொடர்ச்சி முற்றிலும் அறுந்தது எனல் பொருந்தாது. எனினும் 2040இல் கணக்குக் கேட்கப்படும்போது விடைகூற நிற்பவர் இன்று பேசியவராக இருக்கமாட்டார்.

இரண்டாம் கூறு: 'தவறினால்' என்னும் தொடர் 2030, 2040 ஆகிய ஆண்டுகளைக் குறித்த அவ்வறிவிப்புகளில் இல்லை. தவறினால் யார் இழப்பர் என ஆராயின் விடை தலைகீழாக அமைகிறது. வழங்கல் சங்கிலியில் உமிழ்வைக் குறைக்க இயலாத ஆலை தன் கொள்முதல் ஆணையை இழக்கிறது. கடல்மட்டம் உயர்வதால் வங்கக் கழிமுகத்தின் உழவர் தம் நிலத்தை இழக்கின்றனர். மன்னன் தனக்கு வேண்டிக்கொண்ட இழப்பு இங்குப் பிறர் தலையில் சேர்கிறது.

இதற்கு விதிவிலக்குப்போலத் தோன்றும் ஒன்று உண்டு. 2021 பிப்ரவரியில் இந்நிறுவனம் 50 கோடி யூரோ மதிப்பில் நிலைத்தன்மை சார்ந்த கடன்பத்திரம் ஒன்றை வெளியிட்டது. 2025க்குள் உமிழ்வுக் குறைப்பு, மறுசுழற்சி இழைகளின் பயன்பாடு ஆகியவற்றில் குறித்த இலக்குகளை எட்டாவிடில் கூடுதல் வட்டி தருவதாக அதில் ஒப்பந்தம். இது வஞ்சினத்தின் வடிவத்தை அப்படியே கொண்டிருக்கிறது: 'இன்னது பிழைப்பின் இன்னது ஆகுக.' ஆனால் அக்கூடுதல் வட்டியைப் பெறுவோர் கடன்பத்திரம் வாங்கிய முதலீட்டாளர். உமிழ்வு குறையாமையால் துன்புறுவோர் ஒருவர். அதற்கு ஈடு பெறுவோர் மற்றொருவர். தண்டம் உண்டு என்னும் அளவில் இப்பத்திரம் வெற்றுரையினும் மேலானது. தண்டத்தைப் பெறும் உரிமை தீங்குற்றோரிடம் இல்லை என்னும் அளவில் அது வணிகமே அன்றி அறமன்று.

கொள்வோர் உள்ள வாக்கு

மூன்றாம் கூறாகிய, மதிப்பிடும் உரிமையைப் பிறரிடம் ஒப்படைத்தல், ஆடை வணிகத்தில் நிகழவே இயலாதது எனக் கருதவேண்டியதில்லை. அது இதே நிறுவனத்தின் வரலாற்றிலேயே நிகழ்ந்துள்ளது.

2013 ஏப்பிரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். அதற்கு முன்னரும் ஆலைப் பாதுகாப்புக் குறித்து வணிக நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொண்ட நன்னடத்தை விதிகள் பல இருந்தன. அவை எவரையும் காக்கவில்லை. அடுத்த மாதமே உருவான வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை வேறு வகையினது. ஒருபுறம் வணிக நிறுவனங்களும் மறுபுறம் தொழிற்சங்கங்களும் கையொப்பமிட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்துவது. பிணக்கு எழின் நடுவர் மன்றத்திற்குச் செல்லும் உரிமை தொழிற்சங்கங்களுக்கு உண்டு. அதில் முதலில் இணைந்தோருள் எச் அண்ட் எம் ஒன்று. 2016இல் தொழிற்சங்கங்கள் இரு வணிக நிறுவனங்கள்மீது ஹேக் நகரின் நிலையான நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அந்நிறுவனங்களின் பெயர் வெளியிடப்படவில்லை. 2018 சனவரிக்குள் இரு வழக்குகளும் சமரசத்தில் தீர்ந்தன. வாக்கைக் கொண்டவர் அதனைத் திருப்பிக் காட்டிக் கேட்க இயன்றது.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் 2021 சனவரியில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் ஆலை உரிமையாளருடனும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் 2022 ஏப்பிரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' எனப்படும் உடன்பாட்டைச் செய்துகொண்டன. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான வன்முறையையும் சாதி அடிப்படையிலான ஒடுக்குமுறையையும் தடுப்பதற்கான அதன் விதிகளை ஆலை மீறினால், வணிக அளவில் நடவடிக்கை எடுக்க வாங்கும் நிறுவனம் கடமைப்பட்டது.

இவ்விரண்டையும் காலநிலை உறுதிமொழியோடு ஒப்பிடும்போது ஓர் உண்மை புலப்படும். பிறர் ஆலையில் நிகழ்வதற்கு வணிகர் பொறுப்பேற்க இயலாது என்னும் வாதம் பொருந்தாது, அவர் பொறுப்பேற்றுள்ளார். ஆனால் பொறுப்பேற்றது, எதிரே கையொப்பமிட ஒருவர் அமர்ந்திருந்தபோது. காலநிலை உறுதிமொழியின் எதிரே இருப்பது 'உலகம்'. உலகத்திற்குக் கொடுக்கப்பட்ட வாக்கை உலகம் வந்து கேட்பதில்லை. எல்லார்க்கும் கொடுத்ததாகக் கூறுவது பல வேளைகளில் எவர்க்கும் கொடாமையே.

நொய்யல் காட்டும் இடர்

கொள்வோரை இனங்காணுதல் ஏன் இன்றியமையாதது என்பதை ஐரோப்பிய வணிகர் பலர்க்குப் பின்னலாடை வழங்கும் திருப்பூர் மேலும் தெளிவாக்கும். சாயக் கழிவுநீரால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழ்பட்ட வரலாறு நாமறிந்ததே. நொய்யல் ஆயக்கட்டு உழவர் பல்லாண்டுகள் நீதிமன்றத்தில் போராடினர். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறையை நிறுவிய பின்னரே அவை மீண்டும் இயங்கலாயின.

இம்முறையில் கழிவுநீர் எதிர்ச் சவ்வூடு பரவல் வழியாகச் சுத்திகரிக்கப்பட்டு, எஞ்சும் உப்புநீர் கொதிக்கவைத்து ஆவியாக்கப்படுகிறது. அதற்குப் பெருமளவு மின்சாரமும் எரிபொருளும் தேவை. ஆற்றைக் காக்கும் செயலே கரிமக் கணக்கில் உமிழ்வாகப் பதிவாகிறது. உப்புநீரை ஆற்றில் விட்டுவிடும் வேறொரு நாட்டின் பட்டறை, கரிமக் கணக்கில் மட்டும் திருப்பூரினும் தூயதாகத் தோன்றக்கூடும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறையின் வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அது நீதிமன்றத்தின் வழியே உழவரால் பெறப்பட்ட வாக்கு. அதன் செலவைப் பெரும்பாலும் பட்டறைகளும் அரசும் ஏற்றன. வாங்கும் வணிகர் கூறும் கரிம வாக்கு இதற்கு மேலாக வந்து அமர்கிறது. சூரிய ஒளி மின்சாரம், மரக்கழிவுக் கொதிகலன், வெப்பமீட்புக் கருவி ஆகியவற்றால் இரு வாக்குகளையும் ஒருங்கே காத்தல் இயலும். அதற்கான முதலை யார் இடுவது என்பதே வினா. 2023இல் எச் அண்ட் எம் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியுடன் சேர்ந்து ஆலைகளுக்கான பசுமைக் கடன் திட்டத்தைத் தொடங்கியது பாராட்டத்தக்கது. ஆனால் கடன் என்பது திருப்பிச் செலுத்தவேண்டியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் கொள்முதல் ஆணையை நம்பிப் பத்தாண்டுக் கடன் ஏற்கும் பட்டறை, வணிகரின் வாக்கைத் தன் தோளில் சுமக்கிறது. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், அதைக் காக்கக் கடன்பட்டவர் மற்றொருவர் என்னும் நிலை, கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காத புகார் வணிகரின் நெறிக்கு நேர் எதிரானது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

தவறினால் தண்டம் எனக் கடுமை காட்டினால் எந்நிறுவனமும் உறுதிமொழி கூற முன்வராது. சிறிய நன்மையும் கெடும் என மறுக்கலாம். இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. பழிக்கு அஞ்சித் தம் காலநிலை இலக்குகளை வெளியிடாமல் அடக்கிக்கொள்ளும் நிறுவனங்கள் இன்று உள்ளன.

எனினும் இரண்டைக் கருதவேண்டும். முதலாவது, உறுதிமொழி கூறுதல் இழப்பு மட்டும் தரும் செயலன்று. வாங்குவோர் நம்பிக்கை, குறைந்த வட்டி, நற்பெயர் ஆகிய பயன்கள் சொன்ன அன்றே கிடைத்துவிடுகின்றன. செயல் இருபதாண்டுக்குப் பின்னர். பயனை முன்னரே பெற்றுக்கொண்டவரிடம் செயலைக் கேட்பது கடுமையாகாது. இரண்டாவது, வஞ்சினம் கூறாத மன்னனை நம் இலக்கியம் பழிக்கவில்லை. சொல்லாமற் செய்வாரைப் பெரியர் எனக் கொண்டதே நம் மரபு. சொன்னதால் செய்யவேண்டிய கடன் கூடுகிறது என்பதே அதன் உட்கோள்.

சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. பிற இடத்துக் குறைப்பை விலைக்கு வாங்கி ஈடுகட்டுவதன் அடிப்படையில் ஒரு பொருளைக் 'கரிம நடுநிலை' உடையது என விளம்பரப்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய நெறிமுறை தடைசெய்கிறது. எதிர்கால உறுதிமொழிகளுக்குத் தெளிவான செயல்திட்டமும் சார்பற்ற கண்காணிப்பும் வேண்டும் எனவும் விதிக்கிறது. அதன் நடைமுறைக்கு 2026 செப்டம்பர் 27 நாளாகக் குறிக்கப்பட்டது. இது வாங்குவோரைக் காக்கும் சட்டம். ஆலைத் தொழிலாளியும் ஆற்றங்கரை உழவரும் இன்னும் அதன் பார்வைக்கு வெளியே நிற்கின்றனர்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. பிறர் ஆலையில் எழும் உமிழ்வைத் தன் வினையாக ஏற்றல் வணிகரின் அறக்கடனே. அது மிகையான பெருந்தன்மை அன்று. ஏற்றபின் கூறும் உறுதிமொழி, தவறினால் வரும் இழப்பைத் தன்மீது சுமத்திக்கொள்வதாகவும், அதனைக் கேட்கும் உரிமையைத் தீங்குறுவோரிடம் ஒப்படைப்பதாகவும் அமையும்போதே வாக்கு என்னும் பெயர் பெறும். அவ்வாறு அமைத்தல் இயலும் என்பதற்கு டாக்காவும் திண்டுக்கல்லும் சான்று. அவ்விரண்டும் மாண்டவர்களுக்குப் பின்னரே வந்தன என்பதையும் மறத்தல் கூடாது. காலநிலை உடன்படிக்கைக்கும் அத்தகைய முன்விலை கேட்கப்படுமாயின் அது ஒரு கட்டட அளவில் நின்றுவிடாது.

இவ்விடத்தில் தமிழாய்வாளர்க்கும் ஒரு பணி உண்டு. இந்நிறுவனங்களின் அறிக்கைகளும் அவற்றைப் பற்றிய செய்திகளும் தமிழாக்கம் பெறும்போது இலக்கு, உறுதிமொழி, வாக்குறுதி, சூளுரை ஆகிய சொற்கள் வேறுபாடின்றி ஆளப்படுகின்றன. இலக்கு என்பது எய்வதற்குரியது. தவறினால் குறி தவறியது எனலாம், பொய்த்தான் எனல் ஆகாது. வாக்குறுதி தவறினால் பொய்த்தான் என்றே கூறவேண்டும். வாங்குவோர் முன்னிலையில் வாக்குறுதியின் குரலில் பேசிவிட்டு, கணக்குக் கேட்கும் அவையில் அது இலக்கு மட்டுமே என்று விலகிக்கொள்ள இச்சொல் மயக்கம் இடந்தருகிறது. ஆகவே 2040ஐக் குறித்த அறிவிப்புகளுள், தண்டமும் கொள்வோரும் இல்லாதவற்றை 'இலக்கு' என்றே தமிழில் எழுதுவோமாக. வாக்குறுதி என்னும் சொல்லை, எதிரே அமர்ந்து பெற்றுக்கொண்டவர் ஒருவர் உள்ள இடத்திற்கு ஒதுக்கி வைப்போமாக.